கோடை வெப்பத்தில் சோலார் பேனல்: வகைக்கு வகை இழப்பு ஏன் மாறுகிறது?

தமிழ்நாட்டு மொட்டை மாடிகளில் சோலார் பேனல்கள் பெருகிவரும் இக்காலத்தில், வெப்பத்தைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கருத்துகள் ஒரே நேரத்தில் புழங்குகின்றன. கத்திரி வெயில் கொளுத்தும் நாள்களில்தான் பேனல் மிகுதியாக மின்சாரம் தரும் என்பது ஒன்று. நம் ஊர் வெப்பம் பேனலைப் பாழாக்கிவிடும், ஆகவே வெப்பம் தாங்கும் வகையை எவ்வளவு விலை கொடுத்தாவது வாங்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதை நம்புகிறவர் மே மாத உற்பத்தியைப் பார்த்து ஏமாற்றமடைந்து, பேனலில் கோளாறு என்று முடிவுகட்டுகிறார். இரண்டாவதை நம்புகிறவர் தேவையற்ற செலவுக்கு ஆளாகிறார். பல்லாயிரக்கணக்கான ரூபாயை ஒருமுறை போட்டு, இருபத்தைந்து ஆண்டுகள் பயன்பெற நினைக்கும் ஒரு குடும்பத்துக்கு இவ்விரண்டுமே நல்லதல்ல.

உண்மை நிலை இது: பேனல் சூடேறும்போது அதன் உற்பத்தி குறைகிறது, ஆறியதும் அந்தக் குறைவு நீங்கிவிடுகிறது. எவ்வளவு குறையும் என்பதை வீட்டிலிருந்தபடியே கணக்கிடலாம். அந்த அளவு ஒரு வகைக்கும் மற்றொரு வகைக்கும் மாறுபடுகிறது என்றால், அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே காரணம் இருக்கிறது. ஒவ்வொரு வகைச் செல்லும் தன் மின்னழுத்தத்தை எவ்வளவு நன்றாகக் காத்துக்கொள்கிறது என்பதே அக்காரணம். அதைப் புரிந்துகொண்டால், பேனல் வகைகளின் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இருக்காது.

ஒளியும் வெப்பமும் வேறு வேறு

மாடியில் வைக்கும் சோலார் வாட்டர் ஹீட்டரும் சோலார் பேனலும் ஒரே சூரியனைத்தான் பார்க்கின்றன. ஆனால் அவை எடுத்துக்கொள்வது ஒன்றையல்ல. வாட்டர் ஹீட்டருக்கு வேண்டியது வெப்பம். பேனலுக்கு வேண்டியது ஒளி மட்டுமே. ஒளித்துகள் ஒன்று பேனலில் உள்ள சிலிக்கானில் விழும்போது, அங்கே கட்டுண்டிருக்கும் எலக்ட்ரான் ஒன்றை விடுவிக்கிறது. அவ்வாறு விடுபட்ட எலக்ட்ரான்கள் ஒரு பக்கமாக நகர்வதைத்தான் மின்னோட்டமாக நாம் வெளியே எடுக்கிறோம். இந்த நிகழ்வில் வெப்பத்துக்கு எந்த வேலையும் இல்லை.

வெப்பம் இங்கே ஒரு கழிவு. நல்ல பேனல் ஒன்று தன் மீது விழும் சூரிய ஆற்றலில் 20 முதல் 23 விழுக்காட்டை மின்சாரமாக மாற்றுகிறது. சிறு பகுதி கண்ணாடியில் பட்டுத் திரும்பிவிடுகிறது. எஞ்சிய பெரும்பகுதி பேனலுக்குள்ளேயே வெப்பமாகிறது. உச்சிவேளையில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட் ஆற்றல் விழுகிறது என்றால், அதில் 700 வாட்டுக்கு மேல் பேனலைச் சூடாக்குவதற்கே போகிறது. மின்சாரம் எடுக்கப்படாமல் பேனல் சும்மா கிடந்தால், அந்த 20 விழுக்காடும் வெப்பமாகிச் சூடு இன்னும் சில டிகிரி கூடும். மின்வெட்டின்போது, பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுப் பயன்பாட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டர் நின்றுவிட்ட வீடுகளில் இதுவே நடக்கிறது.

லடாக்கின் லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிர் கடுமையானது; ஆனால் காற்று மெலிந்தும் வறண்டும் இருப்பதால் ஒளி தடையின்றி வந்து விழுகிறது. நிறைந்த ஒளி, குளிர்ந்த காற்று என்ற இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த இடமே சோலார் பேனலுக்கு மிகச் சிறந்த இடம். நமக்கு ஒளி நிறைய இருக்கிறது; கூடவே வெப்பமும் வந்துவிடுகிறது.

செல்லுக்குள் நடப்பது என்ன?

பேனல் என்பது பல சிறு செல்கள் வரிசையாக இணைக்கப்பட்ட ஒரு சட்டகம். ஒவ்வொரு செல்லும் ஏறத்தாழ அரை வோல்ட்டுக்குச் சற்று மேற்பட்ட மின்னழுத்தத்தைத் தருகிறது. மின்னழுத்தம் என்பது மின்சாரத்தை உந்தித் தள்ளும் விசையின் அளவு. மின்னோட்டம் என்பது எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்ற அளவு. இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதுதான் வாட் கணக்கில் நாம் சொல்லும் திறன்.

வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஒரே சீராகத் தண்ணீரை ஏற்றிக்கொண்டிருக்கிறது. தொட்டியின் சுவரிலும் குழாய் இணைப்புகளிலும் பொடிப்பொடியாகக் கசிவுகள் இருக்கின்றன. தண்ணீர் ஏற ஏறக் கசிவும் கூடும். ஏறுகிற அளவும் கசிகிற அளவும் சமமாகும் இடத்தில் நீர்மட்டம் நின்றுவிடும். இதில் மோட்டார் ஏற்றும் நீரை ஒளி விடுவிக்கும் எலக்ட்ரான்களாகவும், நீர்மட்டத்தை மின்னழுத்தமாகவும் கொள்ளலாம். கசிவு என்பது, விடுபட்ட எலக்ட்ரான்கள் நமக்குப் பயன்படுவதற்கு முன்பே மீண்டும் சிலிக்கானில் பழைய இடங்களில் போய் அமர்ந்துகொள்வது. அறிவியலில் இதற்கு மறு இணைப்பு என்று பெயர்.

வெப்பம் செய்வது, இந்தக் கசிவுகளை அகலமாக்குவது. சிலிக்கான் ஒரு குறைகடத்தி. அதாவது, சாதாரண நிலையில் மிகக் குறைவாகவும், ஒளியோ வெப்பமோ பட்டால் கூடுதலாகவும் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். வெப்பநிலை உயரும்போது அதிலுள்ள அணுக்களின் அதிர்வு கூடி, எலக்ட்ரான்கள் தாமாகவே விடுபடுவதும் மறுபடி இணைவதும் பன்மடங்காகப் பெருகுகின்றன. மோட்டார் அதே அளவு தண்ணீரை ஏற்றிக்கொண்டிருந்தாலும், கசிவு பெருத்ததால் நீர்மட்டம் இறங்கிவிடுகிறது. சாதாரண சிலிக்கான் செல் ஒன்றின் மின்னழுத்தம் ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் வெப்பநிலை உயர்வுக்கும் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறைவது இதனால்தான்.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. சூடேறிய சிலிக்கான் சற்று ஆற்றல் குறைந்த ஒளித்துகள்களையும் பயன்படுத்திக்கொள்ளும் நிலைக்கு வருவதால், மின்னோட்டம் சிறிதளவு கூடுகிறது. ஆனால் அது ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.05 விழுக்காடுதான், மின்னழுத்தத்தில் ஏற்படும் இழப்போ அதைப் போல ஐந்தாறு மடங்கு. வெப்பம் கூடினால் மின்சாரம் கூடும் என்ற நம்பிக்கைக்கு அறிவியலில் கிடைக்கும் ஆதரவு அந்த 0.05 அளவே.

இதுவரை சொன்னதன் சாரம்: ஒளி எலக்ட்ரான்களை விடுவிக்கிறது, வெப்பம் அவற்றை வீணாக்குகிறது. மின்னோட்டம் ஏறக்குறைய மாறாமல் இருக்க, மின்னழுத்தம் இறங்குவதால் திறன் குறைகிறது. பேனல் ஆறினால் மின்னழுத்தம் பழைய நிலைக்கு ஏறிவிடுகிறது, எதுவும் பழுதாகவில்லை.

டேட்டா ஷீட்டில் உள்ள ஓர் எண்

பேனலின் பின்புற ஒட்டுத்தாளில் 550 வாட் என்று அச்சிட்டிருந்தால், அது ஆய்வகத்தில் குறிப்பிட்ட நிலைமைகளில் அளந்த எண். சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி, 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை என்பவை அந்நிலைமைகளில் முக்கியமானவை. இவற்றைத் தரச் சோதனை நிலைமைகள் என்கிறார்கள். துறையினர் வாயில் எஸ்.டி.சி. என்று வழங்குகிறது. இதில் கவனிக்க வேண்டியது, 25 டிகிரி என்பது காற்றின் வெப்பநிலை அல்ல, செல்லின் வெப்பநிலை. சென்னையிலோ மதுரையிலோ உச்சி வெயிலில் வேலைசெய்யும் ஒரு செல் 25 டிகிரியில் இருப்பது நடக்காத காரியம்.

அந்த 25 டிகிரியைத் தாண்டி ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் திறன் எத்தனை விழுக்காடு குறையும் என்பதைக் காட்டும் எண்ணுக்கு வெப்பநிலைக் கெழு என்று பெயர். தயாரிப்பாளர் தரும் விவரத்தாளான டேட்டா ஷீட்டில் பேனலின் உச்சத் திறனுக்கு நேரே, கழித்தல் குறியுடன், −0.35 என்பது போல அது கொடுக்கப்பட்டிருக்கும். மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் தனித்தனிக் கெழுக்கள் அருகிலேயே இருக்கும். குழப்பிக்கொள்ளாமல் திறனுக்குரியதைப் பார்க்க வேண்டும்.

இந்த விழுக்காட்டைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு பேனலின் பயனுறுதிறன், அதாவது விழும் ஒளி ஆற்றலில் மின்சாரமாக மாறும் பங்கு, 21 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். வெப்பத்தால் 16 விழுக்காடு இழப்பு என்று கேட்டவுடன் 21-இலிருந்து 16-ஐக் கழித்து, மிஞ்சுவது 5 விழுக்காடுதான் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. கணக்கு அப்படியல்ல. 21-இல் 16 விழுக்காடுதான் குறைகிறது. ஆகவே பயனுறுதிறன் 17.6 ஆகிறது. இழப்பு சிறியதல்ல, ஆனால் பேரிழப்பும் அல்ல.

காற்று 39 டிகிரி, பேனல் 70 டிகிரி

வானிலை அறிக்கை சொல்வது நிழலில் உள்ள காற்றின் வெப்பநிலையை. வெயிலில் கிடக்கும் பேனல் அதைவிட வெகுவாகச் சூடாக இருக்கும். எவ்வளவு கூடுதல் என்பதை அறிய டேட்டா ஷீட்டில் இன்னோர் எண்ணும் கொடுக்கப்பட்டிருக்கிறது. சதுர மீட்டருக்கு 800 வாட் ஒளி, 20 டிகிரி காற்று, நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மெல்லிய காற்றோட்டம் ஆகிய நிலைமைகளில் செல் எவ்வளவு சூடேறுகிறது என்பதே அது, என்.ஓ.சி.டி. அல்லது என்.எம்.ஓ.டி. என்ற பெயரில் இருக்கும். பெரும்பாலான பேனல்களுக்கு அது 43 முதல் 45 டிகிரி வரை.

45 என்று கொண்டால், 800 வாட் ஒளியில் காற்றைவிடச் செல் 25 டிகிரி கூடுதலாகச் சூடேறுகிறது என்று பொருள். ஒளி 1,000 வாட் ஆகும்போது இந்தக் கூடுதலும் அதே விகிதத்தில் உயர்ந்து ஏறக்குறைய 31 டிகிரி ஆகிறது. மே மாதத்தில் சென்னையில் காற்று 39 டிகிரியைத் தொடும் ஒரு நண்பகலில், மெல்லிய காற்று மட்டுமே வீசினால், செல்லின் வெப்பநிலை 70 டிகிரி. எஸ்.டி.சி. நிலையைவிட 45 டிகிரி அதிகம். கெழு −0.35 ஆக உள்ள பேனலுக்கு 45-ஐ 0.35-ஆல் பெருக்க, 15.75 விழுக்காடு இழப்பு. மூன்று கிலோவாட் அமைப்பு அந்த நேரத்தில் ஏறத்தாழ 2,530 வாட்தான் தரும். தூசி, கம்பி, இன்வெர்ட்டர் ஆகியவற்றால் வரும் இழப்புகள் இதற்கு மேல்.

மூன்று கிலோவாட் போட்டும் உச்சி வெயிலில் செயலி 2,400 வாட்தான் காட்டுகிறது என்று வருந்துகிறவர்களுக்கு இந்தப் பெருக்கலே போதுமான பதில்.

வகைக்கு வகை

இனித் தொட்டிக்குத் திரும்புவோம். நீர்மட்டம் ஏற்கெனவே உயரமாக நிற்கும் தொட்டி என்றால், அதில் கசிவுகள் குறைவு என்று பொருள். கசிவு குறைந்த தொட்டியில், வெப்பத்தால் கசிவு பெருகினாலும் மட்டம் இறங்கும் விகிதம் சிறிதாகவே இருக்கும். சிலிக்கான் செல்களின் வளர்ச்சி முழுவதுமே, ஒரு கோணத்தில், கசியும் இடங்களை ஒவ்வொன்றாக அடைத்துவந்த வரலாறுதான். அதிலும் மிக மோசமாகக் கசியும் இடம், மின்சாரத்தை வெளியே எடுப்பதற்காக உலோகத்தைச் சிலிக்கானோடு ஒட்டவைக்கும் இடம். தொட்டியில் குழாய் இணையும் இடத்தைப் போல.

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் போடப்பட்ட மாடிகளில் காணும் நீல நிறப் பேனல்கள் பெரும்பாலும் பாலி எனப்படும் பல்படிகச் சிலிக்கான் பேனல்கள். இவற்றில் செல்லின் பின்புறம் முழுவதும் அலுமினியம் நேரடியாகச் சிலிக்கானைத் தொட்டுக்கொண்டிருக்கும். படிகத் துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் எல்லைகளிலும் எலக்ட்ரான்கள் வீணாகும். ஆகவே கெழு ஏறத்தாழ −0.40 முதல் −0.43 வரை. கறுப்பு நிற மோனோ பேனல் வெப்பத்தை உறிஞ்சும், நீல நிறப் பாலிதான் நம் ஊர் வெப்பத்துக்கு ஏற்றது என்று இன்றும் சொல்லக் கேட்கிறோம். நிறத்தால் வரும் வெப்பநிலை வேறுபாடு சிறியது. கெழுவால் வரும் வேறுபாடு அதை மிஞ்சிவிடும். இக்கருத்தைக் கைவிட வேண்டிய காலம் கடந்துவிட்டது.

மோனோ எனப்படும் ஒற்றைப்படிகச் சிலிக்கானில் எல்லைகள் இல்லை. அதிலும் பெர்க் என்ற அமைப்பில், பின்புறத்தில் ஒரு காப்புப் படலத்தை விரித்து, உலோகம் சிலிக்கானைத் தொடும் பரப்பை ஆங்காங்கே சிறு இடங்களாகச் சுருக்கிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீன் தலைமையிலான குழு 1980களில் உருவாக்கிய இந்தக் கருத்து, தொழிற்சாலைகளில் பரவலாவதற்கு முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. இதன் கெழு −0.34 முதல் −0.37 வரை.

அடுத்து வந்தது டாப்கான். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் சூரிய ஆற்றல் ஆய்வு நிறுவனம் 2013-இல் முன்வைத்த அமைப்பு இது. பின்புறத்தில் ஒன்றிரண்டு நானோமீட்டரே தடிமனுள்ள ஆக்சைடு படலம் ஒன்றும், அதன் மேல் மெல்லிய சிலிக்கான் அடுக்கு ஒன்றும் இருப்பதால், அப்பக்கத்தில் உலோகம் செல்லின் அடிப்படைச் சிலிக்கானை நேரடியாகத் தொடுவதே இல்லை. ஆனால் அந்த ஆக்சைடு அவ்வளவு மெல்லியது என்பதால் மின்னோட்டம் அதைக் கடந்துவிடுகிறது. கசிவை அடைத்து, குழாயை மட்டும் திறந்துவைத்தது போன்ற நேர்த்தியான வேலை. கெழு −0.29 முதல் −0.32 வரை. இப்போது சந்தையில் வேகமாகப் பரவிவரும் வகை இதுவே.

ஹெச்.ஜே.டி. எனச் சுருக்கமாகச் சொல்லப்படும் வகையில், செல்லின் முன்னும் பின்னும் படிக ஒழுங்கு இல்லாத சிலிக்கான் படலங்கள் பூசப்படுகின்றன. ஜப்பானின் சான்யோ நிறுவனம் 1990களில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரு பக்கமும் அடைக்கப்பட்டுவிடுவதால் செல்லின் மின்னழுத்தம் 0.74 வோல்ட் அளவுக்கு உயர்கிறது. பழைய பாலி செல்களில் அது 0.63 வோல்ட் அளவில்தான் இருந்தது. மட்டம் உயர்ந்தால் வெப்ப இழப்பின் விகிதம் குறையும் என்று மேலே சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை: ஹெச்.ஜே.டி.யின் கெழு −0.24 முதல் −0.26 வரை. சிலிக்கான் படிகத்தை அடிப்படையாகக் கொண்ட பேனல்களில் வெப்பத்தால் மிகக் குறைவாகப் பாதிக்கப்படுவது இதுதான். செய்முறைச் செலவு கூடுதல் என்பதால் விலையும் கூடுதல்.

இவற்றிலிருந்து முற்றிலும் வேறான ஒரு வகை மென்படலப் பேனல். கண்ணாடியின் மேல் சில மைக்ரான் தடிமனில் ஒளியை உறிஞ்சும் பொருளைப் பூசிச் செய்வது. அவற்றில் முதன்மையானது காட்மியம் டெல்லுரைடு. இதன் கெழு குறைவாக இருப்பதற்குக் காரணம் கசிவை அடைத்தது அல்ல. பொருளின் இயல்பே அப்படி. ஒரு குறைகடத்தியில் எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலை ஆற்றல் இடைவெளி என்பர். சிலிக்கானுக்கு அது 1.12 எலக்ட்ரான் வோல்ட். காட்மியம் டெல்லுரைடுக்கு ஏறத்தாழ 1.45. இடைவெளி அகலமாக இருந்தால், வெப்பம் தானாக எலக்ட்ரான்களை விடுவிப்பது கடினம். கெழு −0.28 முதல் −0.32 வரை. அமெரிக்காவின் பர்ஸ்ட் சோலார் நிறுவனம் இவ்வகைப் பேனல்களைத் தயாரிக்கச் சென்னைக்கு அருகே 3.3 கிகாவாட் ஆண்டுத் திறனுள்ள தொழிற்சாலையை அமைத்து, 2024 ஜனவரியில் திறந்தது. ஆனால் இவை பெரும்பாலும் பெரிய மின் நிலையங்களுக்கே போகின்றன. வீட்டு மாடிக்கு இவை எளிதில் கிடைப்பதில்லை.

படிக ஒழுங்கற்ற சிலிக்கானை மட்டுமே கொண்டு செய்யும் மென்படலப் பேனலின் கெழு −0.2 அளவுக்கும் இறங்கும். பழைய கால்குலேட்டர்களில் இருந்த கரும்பழுப்புச் செல் இவ்வகையே. ஒளி பட்ட தொடக்க மாதங்களில் இதன் திறன் கணிசமாகக் குறைவதையும், சூடாக்கினால் ஒரு பகுதி மீள்வதையும் 1977-இல் ஸ்டேப்ளர், ரான்ஸ்கி என்ற இருவர் கண்டறிந்தார்கள். வெப்பத்தால் நன்மை பெறும் அரிய சோலார் பொருள் அது. இருந்தும், பயனுறுதிறன் 10 விழுக்காட்டையும் எட்டாத இப்பேனல்களுக்கு இருமடங்குக்கு மேல் இடம் வேண்டும் என்பதால் வீட்டு மாடிக்கு ஏற்றவை அல்ல. கெழுவை மட்டும் பார்த்துப் பேனல் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதிய எடுத்துக்காட்டு.

இருமுகப் பேனல், பாதி வெட்டுச் செல் என்ற சொற்களையும் விற்பனைத் தாள்களில் காணலாம். முன்னது பின்புறத்திலும் ஒளியை ஏற்கும் அமைப்பு. பின்னது செல்லை இரண்டாக வெட்டிக் கம்பி இழப்பைக் குறைக்கும் உத்தி. வெப்பநிலைக் கெழுவைத் தீர்மானிப்பது இவை அல்ல, உள்ளே இருக்கும் செல்லின் வகையே.

சுருக்கமாக: சிலிக்கான் பேனல்களில் பாலி, பெர்க், டாப்கான், ஹெச்.ஜே.டி. என்ற வரிசையில் கசிவு குறைந்துகொண்டே வருகிறது, மின்னழுத்தம் உயர்ந்துகொண்டே வருகிறது, வெப்ப இழப்பும் அதே வரிசையில் குறைகிறது. காட்மியம் டெல்லுரைடு வேறு காரணத்தால் டாப்கானுக்கு நிகரான இடத்தில் நிற்கிறது.

இந்த வேறுபாட்டுக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம்?

செல் 70 டிகிரியில் இருக்கும் அதே மே மாத நண்பகலில் மூன்று கிலோவாட் அமைப்பு ஒவ்வொரு வகையிலும் எவ்வளவு தரும் என்று பார்ப்போம். பாலி ஏறத்தாழ 2,445 வாட், பெர்க் 2,530, டாப்கான் 2,595, ஹெச்.ஜே.டி. 2,660. பெர்க்குக்கும் ஹெச்.ஜே.டி.க்கும் இடையில் 130 வாட் வேறுபாடு. ஆனால் இது மிகக் கடுமையான ஒரு மணி நேரத்தின் கணக்கு. காலையிலும் மாலையிலும், மேகமூட்டத்திலும், மார்கழியிலும் பேனல் இவ்வளவு சூடேறுவதில்லை.

மின்சாரம் உற்பத்தியாகும் நேரங்களில் செல்லின் சராசரி வெப்பநிலை 50 முதல் 55 டிகிரி என்று கொண்டு ஆண்டுக் கணக்கைப் போட்டால், பெர்க்குக்கும் ஹெச்.ஜே.டி.க்கும் இடையில் வெப்பத்தால் மட்டும் வரும் வேறுபாடு 2.5 முதல் 3 விழுக்காடு. ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் வீதம் மூன்று கிலோவாட் அமைப்பு ஆண்டுக்குச் சுமார் 4,380 யூனிட் தருமானால், இந்த 3 விழுக்காடு 130 யூனிட் அளவு. பொருட்படுத்தத்தக்க அளவுதான். ஆனால் பேனலின் ஒரு மூலையில் தினமும் விழும் தென்னை நிழலோ, மாதக்கணக்கில் துடைக்காத தூசியோ இதைவிடப் பெரிய இழப்பை எளிதாக உண்டாக்கிவிடும். ஒட்டுமொத்த விலையில் சில விழுக்காடு மட்டுமே கூடுதல் என்றால் கெழு குறைந்த பேனலை வாங்குவது அறிவுடைமை. பத்து, பதினைந்து விழுக்காடு கூடுதல் கேட்டால், வெப்பத்தை மட்டும் காரணம் காட்டி அதைக் கொடுக்க வேண்டியதில்லை. இடம் குறைவு, நீண்ட உத்தரவாதம் போன்ற வேறு காரணங்கள் இருக்கலாம். அவற்றைத் தனியாக எடைபோட வேண்டும்.

மே மாதக் குறைவு வெப்பத்தால் மட்டுமா?

கோடையின் நடுவே உற்பத்தி குறைந்தால் முழுப் பழியையும் வெப்பத்தின் மேல் போடுவதும் சரியல்ல. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதன் பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி தாண்டும்வரை நண்பகலில் அது உச்சிக்கு வடக்கே நிற்கிறது. நம் பேனல்களோ தெற்கு நோக்கிச் சாய்த்து வைக்கப்பட்டவை. ஆகவே மே, ஜூன் மாதங்களில் ஒளி சற்றுச் சாய்வாகவே அவற்றின் மீது விழுகிறது. கோடை மழை மேகங்களும் பிற்பகல் மூட்டமும் இதோடு சேர்ந்துகொள்கின்றன. வானம் தெளிந்து, சூரியன் தெற்கே சாய்ந்து, காற்றும் அவ்வளவு சூடேறாத பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தமிழ்நாட்டின் பல மாடிகளில் உற்பத்தி மே மாதத்தை மிஞ்சுவதில் வியப்பில்லை.

குளிரிலும் ஒரு கவனம் வேண்டும்

வெப்பத்தில் மின்னழுத்தம் இறங்கும் என்றால், குளிரில் ஏறும். பத்துப் பேனல்களைத் தொடராக இணைத்தால் கிடைக்கும் மின்னழுத்தம் 25 டிகிரியில் 500 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். மின்னழுத்தக் கெழு −0.27 எனில், உதகையில் உறைபனி விழும் ஜனவரி விடியலில், 0 டிகிரியில், அது 534 வோல்ட்டைத் தொடும். இன்வெர்ட்டர் தாங்கும் உச்ச வரம்பைக் கடந்தால் கருவி பழுதாகும். வெப்பத்தால் வரும் இழப்பு மீளக்கூடியது. இந்தப் பழுது அப்படியல்ல. மலைப்பகுதிகளில் அமைப்பவர்கள் அவ்விடத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையை வைத்தே பேனல்களின் எண்ணிக்கையை முடிவுசெய்ய வேண்டும்.

மீளும் இழப்பும் மீளாத் தேய்மானமும்

இதுவரை பேசியது அன்றாடம் வந்து அன்றாடம் நீங்கும் இழப்பு. இதற்கு அப்பால், ஆண்டுக்கணக்கில் நிகழும் தேய்மானம் ஒன்று உண்டு. செல்களைக் கண்ணாடியோடு ஒட்டும் பிசின் படலம், பின்புறத் தாள், செல்களை இணைக்கும் பற்றவைப்பு ஆகியவை தொடர்ந்த வெப்பத்தாலும் ஈரத்தாலும் பகலிரவு விரிவு சுருக்கத்தாலும் மெல்ல நலிகின்றன. இன்றைய நல்ல பேனல்கள் ஆண்டுக்கு அரை விழுக்காடு அளவே திறன் இழக்கும் என்று தயாரிப்பாளர்கள் உத்தரவாதம் தருகிறார்கள். கெழு குறைந்த பேனல் மெதுவாகத் தேயும் என்று பொருளல்ல. இரண்டும் வேறு வேறு குணங்கள். கடற்கரை ஊர்களில் உள்ளவர்கள் தேய்மானத்தைக் குறித்துக் கேட்கும்போது இருபுறமும் கண்ணாடி கொண்ட பேனல்களையும் பரிசீலிப்பது நல்லது. ஈரம் உள்ளே புகுவதை அவை பெரிதும் தடுக்கின்றன.

பொருத்தும் முறையில் கிடைக்கும் ஆதாயம்

எந்த வகைப் பேனல் ஆனாலும், அதன் பின்புறத்தில் காற்று ஓடினால் சூடு குறையும். கான்கிரீட் மாடியில் சட்டங்களின் மேல் உயர்த்திப் பொருத்திய பேனலுக்கு இது தானாகவே கிடைக்கிறது. தகரக் கூரையில் ஒட்டினாற்போல் பொருத்தும்போதுதான் சிக்கல். காற்று புக வழியின்றிச் செல் மேலும் பல டிகிரி சூடேறும். கூரைக்கும் பேனலுக்கும் இடையில் குறைந்தது ஒரு சாண் அளவாவது இடைவெளி விட வேண்டும். பத்து டிகிரி குறைந்தால் பெர்க் பேனலில் 3.5 விழுக்காடு உற்பத்தி கூடுகிறது. விலை கூடிய வகைக்கு மாறுவதால் ஆண்டு முழுவதும் கிடைக்கும் ஆதாயத்துக்கு இது குறைந்ததல்ல. அதே நேரத்தில், காற்றோட்டத்துக்காகச் சட்டத்தை மிக உயர்த்தினால் புயல் காற்றின் விசையும் கூடும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற புயல் வழி ஊர்களில் அடித்தளத்தின் பிடிப்பைக் கணக்கிடாமல் உயரத்தைக் கூட்டுவது ஆபத்து.

இன்வெர்ட்டரும் வெப்பத்துக்கு விலக்கல்ல. சுற்றுப்புறம் 45 டிகிரிக்கு மேல் போனால் தன்னைக் காத்துக்கொள்ள உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும் வகையில் பல இன்வெர்ட்டர்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. அதை மேற்குச் சுவரில் வெயில் படும்படி மாட்டாமல், நிழலும் காற்றும் உள்ள இடத்தில் மாட்டினால், பேனலில் ஏற்பட்ட இழப்போடு இன்னோர் இழப்பு சேராமல் இருக்கும்.

நண்பகலில் தண்ணீர் தெளித்துப் பேனலைக் குளிர்விக்கலாம் என்ற யோசனையைப் பலரும் கேட்கிறார்கள். குளிர்ந்தால் உற்பத்தி கூடும் என்பது உண்மையே. ஆனால் 70 டிகிரியில் இருக்கும் கண்ணாடியில் சட்டெனக் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழக்கூடும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் காய்ந்தபின் விட்டுச்செல்லும் வெள்ளைப் படிவு, குளிர்ச்சியால் கிடைத்ததை நாளடைவில் ஒளித்தடையால் பறித்துவிடும். பேனலைக் கழுவுவதாக இருந்தால், சூரியன் ஏறுவதற்கு முன், கண்ணாடி ஆறியிருக்கும் விடியற்காலையில், உப்பில்லாத நீரால் கழுவி, மென்மையான துணியால் துடைத்துவிட வேண்டும்.